தைரியநாதர் வைத்த பணயம்



தாலந்து உவமையில் தலைவர் கடிந்துகொள்வது வாணிபத்தில் தோற்றவனை அல்ல. எதையும் இழந்துவிடக் கூடாதென்று அஞ்சி, பணத்தை மண்ணில் புதைத்து வைத்தவனைத்தான். மற்ற இருவரும் முதலையே இழந்திருக்கவும் கூடும், ஆயினும் துணிந்தார்கள். இந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் வீரமாமுனிவர் நம் நினைவுக்கு வருகிறார். விருத்தாசலம் அருகே கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் கண்டவர் அவர். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் ஜனவரித் திருவிழாவுக்குச் செல்லும் நம்மில் பலர், அன்னையை வணங்கித் திரும்புகிறோம். அந்த அன்னையைத் தமிழ்ப் பெண்ணாகச் சேலையில் காணச் செய்தவர் எதைப் பணயம் வைத்தார் என்று நாம் கேட்பதில்லை.

1680 நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியாரின் ஊரும் அதுவே. பெற்ற பெயர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, குருவானபின் 1710-இல் இந்தியா வந்தார். புனித அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு அப்போது 17 ஆண்டுகளே ஆகியிருந்தன. மதுரை மறைப்பணித்தளத்தைக் கேட்டு வருபவருக்கு, அங்கே என்ன காத்திருக்கும் என்பது தெரியாததல்ல. தம் பெயரைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பெயருக்கேற்ற சோதனையும் விரைவில் வந்தது. குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரை சென்று உயிர் தப்பினார்.

ஆனால் உயிரைப் பணயம் வைப்பதைவிடக் கடினமான ஒன்று உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. தம்மவராலேயே தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஆபத்து அது. அவர் வருவதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்புதான், 1704-இல், நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தமிழ்ப் பழக்கங்கள் சிலவற்றைத் திருச்சபைக்குள் ஏற்றதை அது கண்டித்தது. ரோமையில் இவ்வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. 1744-இல்தான் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் முடிவாகத் தீர்ப்பளித்தார். இடைப்பட்ட காலம் முழுவதும், தமிழ்த் துறவியின் கோலத்தில் வாழ்ந்த ஒவ்வொரு குருவும் சந்தேகத்தின் நிழலில்தான் வாழ்ந்தார்.

இந்தச் சூழலில்தான் கோணாங்குப்பம் எழுந்தது. விருத்தாசலம் சிவன் கோவிலில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். சுற்றுவட்டார மக்களின் நாவில் பழகிய அதே பெயரால் தேவதாயை அழைத்தார் முனிவர். சுரூபத்தை மணிலாவில் செய்து வருவித்தார் என்பது அவ்வூர் மரபு. இன்று நமக்கு இது அழகான பண்பாட்டுமயமாக்கல். அன்று இரு பக்கமும் பழி வரக்கூடிய செயல்.

துணிந்ததெல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். துர்னோனின் ஆணை, ஒடுக்கப்பட்ட மக்களின் இல்லங்களுக்குள் சென்று நோயாளிகளுக்கு அருளடையாளங்கள் வழங்கவேண்டும் என்றும் கேட்டது. அதில் ஆணையே நற்செய்திக்கு நெருக்கமாக இருந்தது. சாதியின் முன் அன்றைய பணித்தளத்துக்குத் துணிவு போதவில்லை. நம் கல்லறைத் தோட்டங்களிலும் தேர்வீதிகளிலும் அந்தக் கடன் இன்னும் தீராமல் கிடக்கிறது.

முனிவரின் மற்றொரு துணிவு தமிழோடு சேர்ந்தது. முப்பது வயதுக்குமேல், தமிழ்ப் புலவர்களிடம் மாணவராக அமர்ந்தார். சுப்ரதீபக் கவிராயரிடம் பயின்றார் என்பர். பிறகு அந்நியர் ஒருவர் அஞ்சவேண்டிய இடத்திலேயே கைவைத்தார்: காப்பியம் பாடினார். விவிலியத்தில் ஒரு சொல்கூடப் பேசாத சூசையப்பரைத் தலைவராக்கி, 36 படலங்களில் 3615 பாடல்களாகத் தேம்பாவணி அமைந்தது. தொன்னூல் விளக்கம், சதுரகராதி, பரமார்த்த குரு கதை என நூல்கள் தொடர்ந்தன. பங்குகளைச் சுற்றிவந்து, கலவரங்களுக்கு நடுவே ஓலையில் எழுதியவை இவை. ஒரு தாளை எழுதி முடிக்கவே திணறும் நம்மைப் போன்ற குருக்களுக்கு இது வியப்புத்தான்.

1747 பிப்ரவரி 4-ஆம் நாள், அருளானந்தர் உயிர்கொடுத்த அதே நாளில், வீரமாமுனிவர் இறந்தார். தேம்பாவணி அச்சேறியதை அவர் காணவில்லை. அவர் மறைந்து நூறாண்டுக்கும் மேலான பின், 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அது வெளிவந்தது. வெளியிட்டது, துர்னோனின் ஆணை பிறந்த அதே புதுச்சேரியின் மிஷன் அச்சகம்.