சுருங்கை கண்ட சான்றோர்

ஒரு மாநகரின் பெருமையைக் காண விழைவோர் அதன் மாட மாளிகைகளையும் அகன்ற வீதிகளையும் கண்டு மகிழ்வர். ஆயினும், அந்நகரத்து மக்களின் உயிரைக் காத்து நிற்பது கண்ணுக்குப் புலப்படாமல் மண்ணுக்குள் ஓடும் கழிவுநீர்க் கால்வாயே ஆகும். நிலத்தடியில் கரந்து செல்லும் நீர்வழியைச் சுருங்கை என வழங்கினர் நம் முன்னோர். அத்தகைய சுருங்கைகளை இலண்டன் மாநகரில் அமைத்து, கொடிய நோயின் வாயிலிருந்து மக்களை மீட்டவர் ஜோசப் பேசல்ஜெட் என்னும் பொறியியல் அறிஞர்.

பேசல்ஜெட் 1819ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் இலண்டனை அடுத்த என்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பிரான்சு நாட்டிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர். தந்தையார் கடற்படையில் பணியாற்றியவர். இளமையில் பேசல்ஜெட், சர் ஜான் மக்னீல் என்னும் பொறியாளரிடம் தொழில் பயின்றார். அயர்லாந்து நாட்டில் தாழ்ந்த நிலங்களில் தேங்கிய நீரை வடித்து, அவற்றை விளைநிலமாக்கும் பணியில் ஈடுபட்டார். நீர் எவ்வாறு ஓடும், எங்கே தேங்கும் என்னும் அறிவு அவருக்கு அங்கே வாய்த்தது. பின்னர் இருப்புப்பாதைப் பணிகளில் இரவு பகலாக உழைத்தமையால் 1847ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றிற்று. ஓய்வு கொண்டு நலம்பெற்ற அவர், 1849இல் இலண்டன் கழிவுநீர் ஆணையத்தில் துணை அளவையாளராக அமர்ந்தார்.

அக்காலத்து இலண்டனின் நிலை இரங்கத்தக்கது. 1851இல் அந்நகர மக்கள்தொகை 23 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பழைய கால்வாய்கள் மழைநீர் வடிவதற்கென அமைந்தவை. வீட்டுக் கழிவும் அவற்றிற் கலக்கத் தொடங்கவே, அவை தாங்கமாட்டாது அடைபட்டன. பல கால்வாய்கள் தட்டையான அடித்தளமும் போதாத சரிவும் உடையவை. ஆதலின் நீர் மெல்ல நகர, சேறும் மலமும் படிந்து இறுகின. அவற்றை அகற்றும் பொருட்டுத் தொழிலாளர் சுருங்கைக்குள் இறங்கினர். மரக்கதவு கொண்டு நீரைத் தேக்கி, திடீரெனத் திறந்து விடுவர். சீறிப் பாயும் வெள்ளம் படிந்த கசடுகளை அடித்துச் செல்லும். எஞ்சியதை அவர்கள் கையால் கிளறித் தள்ளுவர். இருளிலும் நச்சுக்காற்றிலும் உழைத்து உயிர் நீத்தவரும் உண்டு.

எட்வின் சாட்விக் முதலிய ஆணையாளர் நகரைத் தூய்மை செய்யும் நன்னோக்கத்துடன் இவ்வாறு கால்வாய்களை அலசுவித்தனர். ஆனால் அலசப்பட்ட அழுக்கு எங்கே சென்றது? தேம்ஸ் ஆற்றிற் சென்று விழுந்தது. மக்களிற் பலர் அவ்வாற்று நீரையே பருகி வந்தனர். 1848, 1849ஆம் ஆண்டுகளிற் பரவிய வாந்திபேதியால் இலண்டனில் 14,000 பேருக்கு மேல் மாண்டனர். வீதி தூய்மை பெற, ஆறு நஞ்சாயிற்று. அழுக்கைத் தள்ளுதல் மட்டும் தூய்மை அன்று. தள்ளிய அழுக்கு சேருமிடத்தையும் எண்ணுதல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

1852இல் ஆணையத்தின் தலைமைப் பொறியாளர் மறைந்தார். அப்பொறுப்பைப் பேசல்ஜெட் ஏற்றார். 1856இல் தோன்றிய மாநகரப் பணிக் குழுவுக்கும் அவரே தலைமைப் பொறியாளர் ஆனார். அவர் வகுத்த திட்டம், செலவு மிகுதி என்றும், கழிவுநீர் சென்று சேரும் இடம் தக்கதன்று என்றும் கூறப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் வெயிலின் கொடுமையால் தேம்ஸ் ஆற்றிலிருந்து தாங்கொணாத நாற்றம் எழுந்தது. ஆற்றங்கரையில் இருந்த பாராளுமன்றத்தின் திரைகளைச் சுண்ணாம்பு மருந்து கலந்த நீரில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழையர் குடிலில் பல்லாண்டு வீசிய நாற்றம் ஆள்வோர் மூக்கை எட்டியதும், சட்டம் 18 நாளில் நிறைவேறிற்று!

1859இல் பணி தொடங்கியது. ஆற்றை நோக்கி வந்த கால்வாய்களை இடைமறித்து, ஆற்றுக்கு இணையாகக் கிழக்கு நோக்கி ஓடும் பெருஞ் சுருங்கைகளைப் பேசல்ஜெட் அமைத்தார். அவற்றின் நீளம் 82 மைல். அவற்றில் நீர் தேங்காதிருக்க, மைலுக்கு 2 அடியேனும் சரிவு இருக்குமாறு வகுத்தார். பாதியளவே நீர் நிறைந்திருப்பினும் மணிக்கு 1½ மைல் வேகத்தில் ஓடினால் கசடு படியாது என்று கணித்தார். அடைபட்ட பின் அலசுவதினும், அடைபடாமலே ஓடுமாறு அமைப்பது மேல் என்பது அவர் கண்ட நெறி. நீர் தன் விசையாலே தன் வழியைத் துலக்கிக்கொண்டது. தாழ்ந்த இடங்களில் சேர்ந்த நீரை நீராவிப் பொறிகள் மேலேற்றின.

இப்பணிக்குச் சென்ற செங்கற்கள் ஏறத்தாழ 31 கோடியே 80 இலட்சம். அந்நாளில் பலரும் ஐயுற்ற போர்ட்லண்டு சிமெண்டை அவர் பயன்படுத்தினார். ஆயின் கண்மூடி ஏற்கவில்லை. வந்த சிமெண்டின் வலிமையை இடையறாது சோதித்து, தேறாததை ஒதுக்கச் செய்தார். 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள், கிராசுனெசு என்னுமிடத்தில் வேல்சு இளவரசர் பொறிகளை இயக்கித் தொடங்கிவைத்தார்.

மறு ஆண்டு வாந்திபேதி மீண்டும் வந்தது. அது பெரிதும் தாக்கியது கிழக்கு இலண்டனையே. அப்பகுதிக்குரிய சுருங்கைப் பணி அப்போது முடிவுறவில்லை! தீநாற்றமே நோய்க்குக் காரணம் எனப் பேசல்ஜெட் காலத்தவர் பலரும் நம்பினர். நீர்வழியே நோய் பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கூறியதை ஏற்றவர் சிலரே. நாற்றத்தைப் போக்க எழுந்த பணி, குடிநீரைக் காத்து, நோயின் வேரையே களைந்தது.

அவர் திட்டத்திலும் குறை இல்லாமல் இல்லை. கழிவுநீர் தூய்மை செய்யப்படாமலே நகருக்குக் கிழக்கே ஆற்றில் விடப்பட்டது. 1878இல் அவ்விடத்தருகே பயணக் கப்பல் ஒன்று மூழ்கி 600 பேருக்கு மேல் இறந்தபோது, நீரின் மாசு பற்றிப் பெருங் கண்டனம் எழுந்தது. 1887 முதல் கசடு தனியே பிரிக்கப்பட்டுக் கப்பலேற்றிக் கடலுக்குக் கொண்டுபோகப்பட்டது.

பேசல்ஜெட் 1875இல் சர் பட்டம் பெற்றார். 1891ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் விம்பிள்டனில் காலமானார். மறு ஆண்டு செருமனியின் ஆம்பர்க்கு நகரில் வாந்திபேதி 8,000 பேருக்கு மேல் கொன்றது. இலண்டனிலோ அந்நோய் பரவவில்லை. அவர் புகழுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மாணவர்களே! நூற்றைம்பது ஆண்டு கடந்தும் அவர் அமைத்த சுருங்கைகள் பயன்பட்டு வருகின்றன. எனினும், 2017இல் இலண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில், அக்காலத்துக் கால்வாய் ஒன்று 250 மீட்டர் நீளத்திற்கு அடைபட்டுக் கிடந்தது. மக்கள் எறிந்த துடைப்புத் துணிகளும் ஊற்றிய சமையற் கொழுப்பும் சேர்ந்து, 130 டன் எடையுள்ள பாறைபோல் இறுகிவிட்டன. மிகுவிசையோடு நீரைப் பீய்ச்சியும் மண்வாரியால் அள்ளியும் தொழிலாளர் பல வாரம் உழைத்து அதனை உடைத்து நீக்கினர். நிலத்தின்கீழ் அறிஞர் ஒருவர் எத்துணைச் செம்மையாக வழி அமைப்பினும், நிலத்தின்மேல் வாழ்வோர் பொறுப்புணர்ந்து நடந்தாலன்றி அது நில்லாது. நாம் கருதாது எறியும் ஒவ்வொரு பொருளும் எங்கோ ஒருவர் கையை அழுக்காக்கும் என்பதை மறவாதிருத்தலே, அச்சான்றோர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.