கம்பெனிப் பையன் கவியரசர் ஆனார்

திருவொற்றியூரில் ஏஜாக்ஸ் கம்பெனி. அங்கே வேலைக்குச் சேர்ந்தான் ஒரு செட்டிநாட்டுப் பையன். படிப்பு எட்டாம் வகுப்பு. இன்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலை தேடி இளைஞர்கள் பஸ் ஏறி வருகிறார்களே, அப்படித்தான் அவனும் பட்டணம் வந்தான்.

பெயர் முத்தையா. 1927-ல் சிறுகூடல்பட்டியில் பிறந்தவன். சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனான். கம்பெனி வேலையில் மனம் நிற்கவில்லை. பத்திரிகைக்குப் போனபோது தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டான். அதுதான் கண்ணதாசன்!

1949-ல் 'கன்னியின் காதலி' படத்துக்கு முதல் பாட்டு எழுதினார். பிறகு பாட்டு கொட்டியது. சொந்தப் படம் எடுத்துக் கடனும் பட்டார்.

மத்திய சர்க்கார் ஆண்டுதோறும் சினிமாவுக்குப் பரிசு தருகிறது. 1953-ஆம் ஆண்டுப் படங்களில் தொடங்கியது. முதலில் படத்துக்குத்தான் பரிசு. பின்னர் நடிகருக்கு வந்தது, இசையமைப்பாளருக்கு வந்தது. பாட்டு எழுதியவருக்கு மட்டும் இல்லை. ஊரே முணுமுணுக்கும் பாட்டு; எழுதியவருக்கு மேடையில் இடம் கிடையாது!

1968-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் அந்தப் பரிசு முதன்முதலாக வந்தது. இந்தியில் பெரிய பெரிய பாடலாசிரியர்கள் இருந்த காலம். ஆனால் பரிசு கண்ணதாசனுக்கு! படம் 'குழந்தைக்காக'. கல்நெஞ்சர் மூவரை ஒரு குழந்தை மாற்றும் கதை. குழந்தையாக நடித்த பேபி ராணிக்கும் அதே ஆண்டு பரிசு.

1980-ல் 'சேரமான் காதலி' நாவலுக்குச் சாகித்திய அகாடமி பரிசு. மறு ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரில் காலமானார். வயது 54. உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டது.