கற்பாறை நிலத்தில் ஊர் சமைத்த வணிகர்: சேட் வால்சந்த் ஹீராசந்த்

ஆதிபகவன் மக்களுக்கு முதன்முதல் அருளிய வாழ்வுமுறைகள் ஆறு. படைத்தொழில், எழுத்துத்தொழில், உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என அவை வகுக்கப்படும். அறநெறி நின்று இவற்றுள் ஒன்றைக் கொண்டு வாழ்வதே இல்லறத்தார்க்கு உரிய முறை என்பது நம் மரபு. இவ்வாறனுள் உழவு, வாணிகம், சிற்பம் ஆகிய மூன்றையும் ஓரிடத்தே பிணைத்து, மனிதர் விட்டகன்ற நிலத்தில் ஊர்களை உண்டாக்கிய சமணப் பெருந்தகை ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே சேட் வால்சந்த் ஹீராசந்த் தோஷி.

1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சோலாப்பூரில், திகம்பர சமணக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். முன்னோர் குஜராத்தின் வாங்கானேரிலிருந்து வணிகத்தின் பொருட்டுத் தக்காணம் வந்தவர்கள். பருத்தி வாணிகமும் வட்டித்தொழிலும் குடும்பத் தொழில்களாக இருந்தன. மும்பையிலும் புனேயிலும் கல்லூரியில் பயின்ற வால்சந்த், பட்டம் பெறாமலேயே தொழிலில் இறங்கினார். பரம்பரைத் தொழிலில் அவர் மனம் நிலைகொள்ளவில்லை. ரயில்வே எழுத்தராயிருந்த லட்சுமணராவ் பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, இருப்புப்பாதை அமைக்கும் ஒப்பந்தங்களை எடுத்தார். போர் மலைத்தொடரைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்த பெரும்பணியும் பின்னாளில் அவர் பொறுப்பில் நடந்தது. பாறையை உடைக்கவும், பெருந்திரளான தொழிலாளரைத் திரட்டி நடத்தவும் அவர் கற்றுக்கொண்டது இவ்வேலைகளில்தான்.

நாடு அவரைப் பெரிதும் அறிந்தது கப்பல் தொழிலால். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், சிந்தியா நிறுவனத்தின் 'லாயல்டி' என்னும் கப்பல் மும்பையிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே இந்தியா இன்றும் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறது. வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் தொடங்கி, ஆங்கில நிறுவனத்தின் போட்டியாலும் அரசின் அடக்குமுறையாலும் இழந்த முயற்சி, இவர் காலத்தில் மேற்குக் கரையில் நிலைபெற்றது எனலாம். ஆயினும் கடலைக் காட்டிலும் வறண்ட மண்ணில் அவர் செய்த பணியே நம்மைப் போன்ற சிற்றூர்க் குடும்பத்தார் கருத்தூன்றி அறியத்தக்கது.

1923ஆம் ஆண்டில், நாசிக் மாவட்டத்து மாலேகாவ் நகருக்கு அருகில் ராவல்காவ் என்னும் சிற்றூரில் சுமார் 1,500 ஏக்கர் நிலத்தை அவர் வாங்கினார். கல்லும் கரம்பும் நிறைந்த அந்நிலத்தை வாங்குவது அறிவுடைமையன்று எனக் கண்டவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நல்ல நிலம் சிறுசிறு துண்டுகளாகப் பலர் கையில் இருக்கும். பாழ்நிலமே ஒரே பரப்பாகக் கிடைக்கும். அவர் கற்களைப் பெயர்த்து, மண்ணைச் சமன்செய்து, நீர் பாய்ச்சி, எருவிட்டுக் கரும்பு பயிரிடச் செய்தார். பலன் உடனே கிட்டிவிடவில்லை. ஆலை எழுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. 1933இல் ராவல்காவில் சர்க்கரை ஆலை அமைந்தது.

கரும்பைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் உண்டு. பருத்தியையும் நெல்லையும் தொலைதூர நகரத்துக்கு அனுப்பி அரைக்கலாம், நூற்கலாம். வெட்டிய கரும்போ நாள் செல்லச் செல்ல இனிப்புக் குன்றும். ஓரிரு நாளில் பிழிந்தாக வேண்டும். ஆகவே கரும்பு விளையும் இடத்துக்கே ஆலை வந்து சேர வேண்டும். ஆலை வந்தால் பொறிவினைஞரும் கணக்கரும் வண்டிக்காரரும் கடைக்காரரும் உடன் வருவர். 1932இல் அரசு இறக்குமதிச் சர்க்கரைக்கு எதிராகக் காப்புவரிச் சட்டம் இயற்றியது. அதுவரை நாட்டில் சுமார் 30 ஆக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130க்கு மேல் பெருகின. நிலத்தை முன்னரே திருத்தி வைத்திருந்தவருக்கு அவ்வாய்ப்பு பயன்பட்டது.

புனே மாவட்டத்து இந்தாப்பூர் வட்டத்தில் களம்ப் என்னும் ஊரிலும் இதே முறையை அவர் கையாண்டார். நீரா ஆற்றுக் கால்வாய்ப் பாசனத்தை நம்பித் தொடங்கிய பண்ணையும் ஆலையும் வளர்ந்தன. அவ்வூர் வால்சந்த்நகர் எனப் பெயர் பெற்றது. தம்பி குலாப்சந்த் இப்பணிகளில் தோள்கொடுத்தார். தொழிலாளர் வாழ வீடுகளும், பிள்ளைகள் பயிலப் பள்ளியும் அங்கே எழுந்தன. அவ்வூர்ப் பள்ளியொன்று வர்த்தமானர் திருப்பெயரைத் தாங்கி நிற்பது நமக்கு உவகை தருவது. ராவல்காவிலோ, 1942இல் மிட்டாய்த் தொழில் தொடங்கப்பெற்றது. சர்க்கரையை மூட்டையாக விற்பதைவிடப் பண்டமாக்கி விற்றால் வேலையும் வருவாயும் ஊரிலேயே தங்கும். நாடெங்கும் சிறுவர் பிரித்தெறிந்த மிட்டாய்த் தாள்களில் அச்சிற்றூரின் பெயர் ஊர் ஊராகச் சென்றது.

தொழிலை வரவேற்கும் அரசு இருந்தால் என்ன விளையும் என்பதற்கும் அவர் வாழ்வில் சான்று உண்டு. வானூர்தித் தொழிற்சாலை அமைக்க அவர் முனைந்தபோது, மைசூர் அரசு நிலமும் முதலும் தந்து அழைத்தது. 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தோன்றியது. இன்று நம் பிள்ளைகள் பலர் பணியாற்றும் அந்நகரத்தின் தொழில்வளத்துக்கு அதுவும் ஒரு வித்து. 1941இல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1948இல் 'ஜல உஷா' கடலில் இறங்கியது. இவ்விரு நிறுவனங்களும் பின்னர் அரசின் வசமாயின.

உடல்நலம் குன்றிய இறுதிக்காலத்தில் மனைவி கஸ்தூர்பாய் உடனிருந்து பேண, 1953இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் அவர் படைத்த ஊர்கள் சோதனைக்கு உள்ளாயின. 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தால் ஆலைகளின் பெரும்பண்ணைகள் அரசின் கைக்குச் சென்றன. ஒரே நிறுவனத்தை நம்பிய ஊருக்கு அந்நிறுவனத்தின் தளர்ச்சி ஊரின் தளர்ச்சியாகும் என்பதும் மறைப்பதற்கில்லை. ஆனால் வால்சந்த்நகர் கலைந்துவிடவில்லை. ஆலைப் பொறிகளைப் பேணுவதில் கைதேர்ந்த வினைஞர் அங்கே உருவாகியிருந்தனர். அவர்தம் பட்டறைகள் பிற சர்க்கரை ஆலைகளுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் பொறிகள் செய்தன. பின்னர் நம் நாட்டு விண்கலங்களை ஏந்தும் ராக்கெட்டுகளின் உறுப்புகளையும் செய்தன. நிலம் போயிற்று, கைத்திறன் நின்றது.

நம் சமூகம் பெரும்பாலும் உழவர் சமூகம். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் ஜினாலயம் உள்ள ஊர்கள் பலவற்றில் இளையோர் நகரங்களுக்குச் சென்றுவிட, நித்திய பூசைக்குக் குடும்பங்கள் குறைந்து வருவதை நாம் அறிவோம். திருவிழாவுக்கு வரும் கூட்டம் மறுநாளே பேருந்தேறிவிடுகிறது. ஊரில் பிழைப்பு இருந்தால் மக்கள் இருப்பர். மக்கள் இருந்தால் ஆலயத்தில் விளக்கு எரியும். ஆயிரத்து ஐந்நூறு ஏக்கர் வாங்குவது நம்மால் இயலாது. ஆயினும் விளைந்ததை மூட்டையாக விற்காமல் பண்டமாக்கவும், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிலைக் கற்பிக்கவும், நகரில் ஈட்டிய பொருளில் ஒரு பங்கை ஊரிலேயே தொழிலாக நடவும் சில குடும்பங்கள் கூடினால் இயலும். மிகுபொருள் விரும்பாமை என்னும் நோன்பு பொருளீட்டலைத் தடுப்பதன்று. ஈட்டிய பொருளுக்கு வரம்பு கட்டி, எஞ்சியதைப் பிறர்க்குப் பயன்படச் செய்வது அது. அந்நோன்பை ஊருக்கு வேலையாக மாற்றத் துணிவோர் நம்மிடையே தோன்றுவாராக.