விவிலியத்தில் ஒரு தமிழ்த் தோகை

கீழடி அகழாய்வு அறிக்கை பற்றிய விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், தென்னந்தோப்புக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட செங்கல் கட்டுமானங்களின் காலம் எது என்னும் கேள்வி, தொல்லியலாளர்களின் மேசையிலிருந்து அரசியல் மேடைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இஸ்ரேலிலும் இதே நிலைதான். தாவீதும் சாலமோனும் பேரரசர்களா, சிறியதொரு மலைநாட்டின் தலைவர்களா என்ற வழக்கு ஒவ்வொரு புதிய அகழாய்வுக்குப் பிறகும் செய்தியாகிறது. நூல் சொல்வது ஒருபுறம், மண் சொல்வது மறுபுறம். இரண்டும் பொருந்துமா என்பதே இரு நாட்டிலும் கேள்வி.

இந்த இரு நிலங்களையும் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு இணைத்துப் பார்த்த அறிஞர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் தென்பாண்டி நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்ற அளவில் அவரை நாம் நன்கு அறிவோம். சான்றுகளை அவர் எவ்வாறு எடைபோட்டார், எங்கே சறுக்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்றைய விவாதங்களுக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், ஸ்காட்லாந்து வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். பத்து வயதில் குடும்பம் கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்ற அவர், பின்னர் மனம் மாறிச் சமயப் பணியைத் தேர்ந்துகொண்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் வகுப்புகள் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஆர்வத்தை அவருக்குள் விதைத்தன. எபிரேயமும் கிரேக்கமும் சமயக் கல்வியின் வழியே வந்து சேர்ந்தன.

1838 ஜனவரியில் சென்னையில் கரையிறங்கியபோது அவருக்கு வயது 23. மூன்றாண்டுகள் அங்கே தங்கித் தமிழ் கற்றார். 1841-இல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டவர், மக்களை அறிவதற்கு நடந்து செல்வதே ஏற்ற வழி என்று முடிவுசெய்தார். சிதம்பரம், தஞ்சை, திருச்சி கடந்து நீலகிரி சென்று, கோவை, மதுரை வழியாகத் தெற்கே இறங்கினார். அவ்வாண்டின் இறுதியில் அவர் சென்றடைந்த இடையன்குடி, தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த சிற்றூர். அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் அவரது வாழ்வு பெரும்பாலும் அந்த ஊரைச் சுற்றியே அமைந்தது. 1844-இல், நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லஸ் மால்ட் என்பவரின் மகள் எலிசாவை மணந்தார். பெண் கல்வியையும் பின்னல் கைத்தொழிலையும் எலிசா அவ்வூரில் வேரூன்றச் செய்தார். கால்டுவெல் தெருக்களை வகுத்தார், பள்ளிகள் தொடங்கினார், 1847-இல் அடிக்கல் நாட்டிய தேவாலயத்தை 33 ஆண்டுகள் கழித்து 1880-இல் நிறைவுசெய்தார்.

அந்தப் பனங்காட்டில் இருந்துகொண்டுதான் 1856-இல் அவர் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து கிளைத்தவை அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தைச் சென்னையில் எல்லிஸ் 1816-லேயே கூறியிருந்தார். கால்டுவெல் அதை ஒலி, வேர்ச்சொல், எண்ணுப்பெயர், வினைமுற்று என்று படிப்படியாக நிறுவினார். அந்நூலின் நீண்ட முன்னுரையில்தான் நாம் பேசவந்த சொல் இடம்பெறுகிறது.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், அரசர்கள் முதல் நூலின் பத்தாம் அதிகாரம் சாலமோனின் செல்வத்தை விவரிக்கிறது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் கப்பல்கள் பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாக அதில் ஒரு பட்டியல் உண்டு. மயிலைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் சொல் 'துக்கி'. அது எபிரேய வேரிலிருந்து பிறந்த சொல்லாகத் தெரியவில்லை. மலபார்க் கரையின் மொழியில் இதற்கு உறவு இருக்கலாம் என்று ஐரோப்பிய எபிரேய அறிஞர்கள் முன்பே ஐயுற்றிருந்தனர். கால்டுவெல் அதைத் தமிழ்த் 'தோகை'யோடு பொருத்தினார். இன்றைய வழக்கில் தோகை என்பது மயிலின் வால் இறகுகளையே குறிக்கிறது. பழந்தமிழ் வழக்கிலோ அது மயிலையே குறித்தது என்று விளக்கினார். எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களுள் இதுவே மிகப் பழையதாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

பொருளியல் படித்தவர்களுக்கு இந்த வாதம் எளிதில் விளங்கும். சரக்கு பயணம் செய்யும்போது, வாங்குகிறவர் ஊரில் அதற்குப் பெயர் இல்லையென்றால், விற்கிறவர் வைத்த பெயரே உடன்செல்கிறது. காப்பியும் தேயிலையும் உலகெங்கும் தம் பெயரோடுதான் சென்றன. மாதக்கணக்கில் பருவக்காற்றை நம்பிச் செல்லும் கப்பலில் ஏற்றுவதற்கு எடை குறைந்த, விலை மிகுந்த பொருளே கட்டுப்படியாகும். தந்தமும் மயிலும் அத்தகைய சரக்குகள். மதுரையைச் சுற்றியுள்ள வயல்களில் மயில்கள் விதையைக் கொத்திவிடுகின்றன என்று உழவர்கள் நொந்துகொள்கிறார்கள். அதே பறவை, அது வாழாத நாட்டில் அரசவையின் அணிகலன். மதிப்பு அருமைப்பாட்டிலிருந்து பிறக்கிறது என்னும் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கால்டுவெல் சொல்லோடு நின்றுவிடவில்லை. மண்ணையும் கிளறிப் பார்த்தார். கிரேக்க நூல்கள் கொல்கோய் என்று குறிக்கும் முத்துத் துறைமுகம் பாண்டியரின் கொற்கையே என்பதை உறுதிப்படுத்த அங்கே சென்று தங்கினார். குழிகள் தோண்டச் செய்தார். இன்று கொற்கை கடலிலிருந்து சில மைல் உள்ளே இருக்கிறது. தாமிரவருணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியதை அவர் நிலத்தைப் பார்த்தே விளக்கினார். கொற்கை, காயல் ஆய்வுகளைப் பற்றிய அவரது கட்டுரை 1877-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1881-இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதி முடித்தார்.

எபிரேய விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஹென்றி பவர் தலைமையில் 1858-இல் தொடங்கிய திருத்தக் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பறவையைத் தமிழ் விவிலியம் மயில் என்றே குறிக்கிறது. தமிழ்த் தோகை எபிரேயத்தில் இருக்கிறது, தமிழாக்கத்தில் இல்லை!

அவரது தீர்ப்புகள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. திராவிட மொழிகளை மத்திய ஆசியச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்த அவர் செய்த முயற்சியைப் பின்வந்த மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. 1849-இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் அந்தச் சமூகத்தாரை ஆழமாகப் புண்படுத்தியது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு அது புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஒரு சமூகத்தின் வரலாற்றை வெளியிலிருந்து எழுதும்போது, கேள்விப்பட்டதையும் கணித்ததையும் சான்றாகக் கொள்வது எத்தகைய காயத்தை உண்டாக்கும் என்பதற்கு அது நிலையான எச்சரிக்கை.

இன்னொரு பிழை வியப்புக்குரியது. நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கியங்களில் பெரும்பாலானவை கி.பி. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை என்று அவர் கருதினார். சாலமோன் காலத்திலேயே தமிழ்ச் சொல் கடல் கடந்தது என்று வாதிட்டவர், தமிழ் நூல்களுக்கு அவ்வளவு பிந்திய காலத்தைக் கொடுத்ததற்குக் காரணம் வெறுப்பு அன்று. சங்க நூல்கள் அப்போது ஓலைச்சுவடிகளில் கிடந்தன. சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887-இல்தான் வந்தது. நாளங்காடியும் அல்லங்காடியும் நிறைந்த மதுரையைக் காட்டும் மதுரைக்காஞ்சி அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்தார். புறநானூறு 1894-இல் வந்தது. கால்டுவெல் 1891-இல் மறைந்துவிட்டார். கையில் இருந்த சான்றைக் கொண்டு கணக்கிட்டவரின் விடை, சான்று கூடியபோது மாறிப்போனது.

'துக்கி'யின் கதையும் முடிந்துவிடவில்லை. கிரேக்க மொழியின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் மயிலைக் குறிப்பிடவே இல்லை. செதுக்கிய கற்களைச் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற விவிலியத் தொல்லியலாளர் ஆல்பிரைட், அது எகிப்தியச் சொல்லாக இருக்கலாம், ஒருவகைக் குரங்கைக் குறிக்கலாம் என்றார். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி. அரசர்கள் நூல் இன்றைய வடிவம் பெற்றது சாலமோனுக்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆகவே அந்தப் பட்டியல் எந்தக் காலத்து வணிகத்தைக் காட்டுகிறது என்பதே கேள்விக்குரியது.

மண்ணின் சாட்சியமும் கலவையானது. 1938 முதல் 1940 வரை அக்காபா வளைகுடா அருகே அகழ்ந்த நெல்சன் குளூக், சாலமோனின் துறைமுகத்தையே கண்டுவிட்டதாக அறிவித்தார். அங்கு கிடைத்த பானைகளை 1980-களில் மீண்டும் ஆராய்ந்தபோது, அந்த இடம் கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதல்ல என்று தெரியவந்தது. மறுபுறம், இஸ்ரேலின் மெகிதோவில் புதைக்கப்பட்டிருந்தவர்களின் பற்காறையை ஆராய்ந்தவர்கள் மஞ்சளின் தடயத்தைக் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். சாலமோனுக்கும் முந்திய காலத்திலேயே தெற்காசியப் பண்டங்கள் அங்கே சென்றிருக்கின்றன. இங்கே கொற்கையில் 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, ஏறத்தாழ கி.மு. 785-ஐக் காட்டியது. ஆயினும் சாலமோனின் கப்பல் கொற்கைக்கு வந்தது என்று சொல்வதற்கு மண்ணிலிருந்து ஒரு சான்றும் இதுவரை இல்லை. இடையன்குடிக்கு அருகில் உள்ள உவரிதான் விவிலியத்தின் ஓபீர் என்று சொல்வோரும் உண்டு. ஒலி ஒற்றுமை ஒன்றே சான்றாகிவிடாது.

1891 ஆகஸ்ட் 28-ஆம் நாள், அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானலில் கால்டுவெல் காலமானார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, அவர் கட்டிய இடையன்குடி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. சிலையை வணங்குவோரும் வசைபாடுவோரும் இன்று இருக்கிறார்கள். அவர் நூலைப் படிப்போர்தான் குறைவு.

1856-இல் வெளியிட்ட நூலை அவர் வேதநூலாகக் கருதவில்லை. 19 ஆண்டுகள் அதைத் திருத்தியும் விரித்தும், பிறர் கூறிய மறுப்புகளை எடைபோட்டும் 1875-இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். தம் வாதங்களை யாரும் சோதித்துப் பார்க்கும்படி சான்றுகளோடு அச்சில் வைத்தார். அதனால்தான் அவர் சொன்னதில் எது நிலைத்தது, எது வீழ்ந்தது என்று நம்மால் பிரித்துக் கூற முடிகிறது.

கீழடிக்கும் வேண்டியது அதுதான். அங்கிருந்து அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளில் ஒன்று கி.மு. 580 என்னும் காலத்தைக் காட்டியதாக மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. முதல் இரு கட்ட ஆய்வுகளை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன், 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் மத்தியத் தொல்லியல் துறையிடம் அளித்தார். 2025 மே மாதத்தில் அது திருத்தம் கோரித் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். யார் பக்கம் நியாயம் என்பதை வெளியில் இருப்பவர்கள் எதை வைத்துத் தீர்மானிப்பது? அறிக்கை முழுமையாக, மண்ணடுக்கு விவரங்களோடும் காலக்கணிப்புத் தரவுகளோடும் அச்சேற வேண்டும். மாற்றுக்கருத்து இருந்தால் துறை அதையும் உடன் வெளியிடட்டும். தமிழரின் தொன்மையைப் பெருமையாகப் பேசுவோருக்கும் அதை ஐயுறுவோருக்கும் பொதுவான தேவை அது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தங்கள் மண்ணைத் தோண்டிவரும் இஸ்ரேலிய அறிஞர்கள் பகிரங்கமாகச் சண்டையிட்டுக்கொள்ள முடிவதற்குக் காரணம், சண்டைக்குரிய தரவுகள் அச்சில் இருப்பதுதான். நாமும் அப்படி வாதிடத் தொடங்கினால், கொற்கையில் குழி வெட்டிய அந்தக் கிழவரின் உழைப்புக்குச் செய்யும் மரியாதையாக அது அமையும்.