ஞாயிறன்று ஓய்வெடுக்கும் புல்தரை
கோல்ப் மைதானங்களைக் கட்டிக்காத்த டாம் மாரிஸ்

கோல்ப் என்றால் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பதே நம்மில் பலரது எண்ணம். வேலி போட்ட கிளப், வாசலில் கார்கள், பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கும் பையன். நம் ஊர்களில் நாம் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற மைதானங்களுக்கு உருக்கொடுத்தவர் ஒரு நெசவாளியின் மகன். அவர் பெயர் டாம் மாரிஸ்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சிறிய ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ். டாம் அங்கே 1821-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி பிறந்தார். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடந்த மணல்மேடுகளை அந்த நாட்டார் 'லிங்க்ஸ்' என்பார்கள். ஏர் பூட்ட உதவாத பூமி. முயலும் ஆடும் மேய்ந்து மேய்ந்து அங்கே புல் கம்பளம்போல் ஆகிவிடும். காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒண்டிய பள்ளங்களே பின்னாளில் 'பங்கர்' என்னும் மணற்குழிகள் ஆயின என்று சொல்வார்கள். ஒரு சுற்றுக்கு 18 குழிகள் என்ற கணக்கும் இந்த ஊரில் பிறந்ததுதான். 22 ஆக இருந்ததை 1764-ல் 18 ஆகக் குறைத்தார்கள்.

பந்தால் போன வேலை

டாம் 14 வயதில் ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் பந்து செய்யும் தொழில் பழகச் சேர்ந்தார். தோலுறைக்குள் வேகவைத்த வாத்து இறகைத் திணித்துத் தைக்க வேண்டும். நாள் முழுதும் பாடுபட்டாலும் சில பந்துகளே தேறும். அதனால் விலையும் அதிகம்.

1848 வாக்கில் மலாய் நாட்டு மரத்தின் பாலில் செய்த 'கட்டா பெர்ச்சா' பந்து வந்தது. விலை மலிவு, உழைப்பும் கூடுதல். இறகுப் பந்தையே நம்பியிருந்த ராபர்ட்சனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. டாம் அந்தப் புதுப் பந்தால் ஆடினார் என்று தெரிந்ததும் இருவருக்கும் மனத்தாங்கல் வந்தது. டாம் வெளியேற வேண்டியதாயிற்று.

1851-ல் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் என்ற ஊரில் மைதானக் காப்பாளர் வேலை கிடைத்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் அங்கே குடிபோனார். மணல்மேடுகளின் போக்கை அனுசரித்து 12 குழிகள் கொண்ட மைதானத்தை அமைத்தார். 1860 அக்டோபர் 17-ல் முதலாவது ஓபன் போட்டி அங்கேதான் நடந்தது. ஆடியவர்கள் எட்டே பேர். வில்லி பார்க் வென்றார். இரண்டே அடிகள் வித்தியாசத்தில் டாம் இரண்டாம் இடம் பெற்றார். அதன்பின் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் பட்டம் டாமுக்கே. கடைசியாக வென்றபோது அவருக்கு வயது 46. அவ்வளவு வயதில் வேறு எவரும் ஓபன் பட்டம் வென்றதில்லை.

மண்ணோடு மல்லுக்கட்டு

1860-களின் நடுவில் சொந்த ஊர் அவரை அழைத்துக்கொண்டது. ஆண்டுச் சம்பளம் 50 பவுன். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம் அப்போது முட்புதர் மண்டிக் கிடந்தது. டாம் புதரை வெட்டினார், பாதையை அகலப்படுத்தினார். புல்லின் மேல் மணல் தூவினால் அது செழிக்கிறது என்று அனுபவத்தில் கண்டு, அதையே வழக்கமாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை என்பது அங்கே மத ஆசாரம். டாம் அதற்கு இன்னொரு நியாயமும் சொன்னார். ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் மிதிபடும் புல்லுக்கு வேண்டும் என்பதே அது.

பின்னர் ஸ்காட்லாந்தின் டார்னாக், மூர்பீல்டு, அயர்லாந்தின் கவுண்டி டவுன் என்று பல மைதானங்களில் அவர் கைபட்டது.

மகன்

டாமின் பெயரையே தாங்கிய மகன் 1868-ல், 17 வயதில், ஓபன் பட்டம் வென்றான். இரண்டாம் இடம் தகப்பனாருக்கு. தோற்றதில் இவ்வளவு சந்தோஷப்பட்டவர் வேறு யார் இருக்க முடியும்? அடுத்து 1869, 1870, 1872-லும் மகனே வென்றான்.

1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக் என்ற ஊரில் பந்தய ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மகனின் மனைவி பிரசவ வேதனையில் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வந்தது. படகேறிக் கடலைக் கடந்தார்கள். வீடு சேர்வதற்குள் தாயும் சிசுவும் போய்விட்டார்கள். மகன் அந்தத் துயரிலிருந்து மீளவில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், 24 வயதில், உயிர் நீத்தான்.

அடுத்த ஆண்டு டாமின் மனைவியும் காலமானார். பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் பறிகொடுத்துவிட்டுத் தாம் மட்டும் மிஞ்சினார் அந்த முதியவர். ஆனாலும் விடியற்காலைக் கடல் குளியலையும் மைதான வேலையையும் விடவில்லை. 1903-ல்தான் ஓய்வு பெற்றார். 1908 மே 24-ல், ஊரிலிருந்த கிளப் ஒன்றின் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். 87 நிறைய மூன்று வாரங்களே இருந்தன. மகனுக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தப் பழைய மைதானத்தின் 18-வது குழிக்கு டாம் மாரிஸ் என்றே பெயர். மைதானம் எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை, ஊர்ச் சொத்து. பெரிய போட்டிக் காலம் தவிர, இன்றும் ஞாயிறன்று அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லில் உலாவுகிறார்கள்.