மலைச் சாலையில் உடைந்த கால்... பனிச்சறுக்கு உலகை மாற்றிய மின்னி டோல் யார்?

அமெரிக்காவில் எந்தப் பெரிய பனிச்சறுக்கு மையத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறி போட்ட சிவப்பு ஜாக்கெட் அணிந்த ஒருவர், கீழே விழுந்து அடிபட்டவரை ஸ்லெட்ஜ் வண்டியில் படுக்கவைத்து, போர்வை சுற்றிக் கட்டி, சரிவில் பத்திரமா இறக்கிக்கொண்டு வருவார். இவங்கதான் ‘ஸ்கீ பேட்ரோல்’. இதில் பலர் சம்பளமே வாங்காத தன்னார்வலர்கள்.

இன்னைக்கு இது சாதாரண ஏற்பாடு. ஆனா 1930-களில் நிலைமை வேற. பல மலைகளில் அடிபட்டவரைத் தூக்க ஆளும் கிடையாது, ஸ்ட்ரெட்சரும் கிடையாது. கூட வந்த நண்பர்கள் என்ன செய்கிறார்களோ, அதுதான் முதலுதவி. இந்த நிலையை மாற்றியவர் டாக்டரோ மலையேற்ற வீரரோ இல்லை. அவர் ஒரு இன்ஷூரன்ஸ் புரோக்கர்.

யார் இந்த மின்னி டோல்?

முழுப்பெயர் சார்லஸ் மினாட் டோல். ‘மினாட்’ சுருங்கி ‘மின்னி’ ஆனது. 1899-ல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நியூயார்க்கில் இன்ஷூரன்ஸ் தொழில் செய்துவந்தார். பனிச்சறுக்கு அவருக்கு லீவு நாள் பொழுதுபோக்கு மட்டும்தான்.

அவரை மாதிரி ஆட்கள் அப்போது வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தார்கள். 1932-ல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பனிச்சறுக்கு ரசிகர்களை ஏற்றிக்கொண்டு நகரங்களிலிருந்து மலையடிவார ஊர்களுக்கு வார இறுதி ‘ஸ்னோ டிரெயின்’கள் ஓடின. 1934-ல் வெர்மான்ட் மாநிலத்தில், சரிவில் ஏற ஆட்களை இழுத்துச் செல்லும் கயிறு இயந்திரம் வந்தது. கூட்டம் கூடிய வேகத்துக்குப் பாதுகாப்பு மட்டும் கூடவில்லை.

மலை உச்சிக்கு ஒரு டோல் ரோடு

கதை நடக்கும் இடம், வெர்மான்ட்டின் மிக உயரமான மலையான மவுன்ட் மான்ஸ்ஃபீல்ட். உயரம் சுமார் 1,340 மீட்டர். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு ஆள் மல்லாந்து படுத்திருப்பது போல இருக்கும். அதனால் அதன் முகடுகளுக்கு நெற்றி, மூக்கு, தாடை என்றே பெயர். இதில் தாடைதான் உச்சி.

19-ம் நூற்றாண்டில் மலைமேல் ஒரு ஹோட்டல் இருந்தது. அங்கே வரும் சுற்றுலாப் பயணிகளின் குதிரை வண்டிகளுக்காக, மூக்கு முகடு வரை சுமார் 7 கிலோமீட்டருக்கு ஒரு சாலை போட்டார்கள். காசு கொடுத்தால்தான் போகமுடியும் என்பதால் பெயர் ‘டோல் ரோடு’. நம்ம ஹீரோவின் பெயரும் டோல் என்பது தற்செயல்தான். இன்றும் கோடையில் இதில் கார்கள் ஏறுகின்றன. குளிர்காலத்தில் வண்டிகள் நின்றுவிடும், சாலையே பனிச்சறுக்குப் பாதை ஆகிவிடும். அடிவாரத்தில் இருக்கும் ஊர் ஸ்டோவ்.

1936: அந்த ஒரு நாள்

1936 புத்தாண்டு சமயத்தில் டோலும் மனைவி ஜேனும், நண்பர் ஃபிராங்க் எட்சன் தம்பதியோடு ஸ்டோவுக்கு வந்தார்கள். ஈரப்பனி. பனிக்கட்டை ஒட்டிக்கொள்ளும் மோசமான நாள். மலைச் சாலையில் சறுக்கிவரும்போது டோல் விழுந்தார். கணுக்கால் உடைந்தது.

பாதை அப்படி ஒன்றும் ஆபத்தானது இல்லை. பிரச்னையே விழுந்த பிறகுதான் ஆரம்பித்தது. உதவி கேட்டபோது கேலியும் சேர்ந்தே கிடைத்தது. இந்த விளையாட்டுக்கு வந்தால் இப்படித்தான் ஆகும் என்பது அன்றைய மனநிலை. கடைசியில் கூரைக்குப் போடும் ஒரு தகரத் துண்டைத் தேடிப்பிடித்து, அதில் டோலைப் படுக்கவைத்து கீழே இழுத்து வந்தார்கள். அதுவரை குளிரில் உடைந்த காலோடு அவர் பனியில் கிடந்தார். எலும்பு முறிவைவிட உடல் குளிர்ந்து போவதுதான் இப்படிப்பட்ட நேரத்தில் பெரிய ஆபத்து என்பதை யோசித்துப் பாருங்கள்.

காயம் ஆறுவதற்குள்ளேயே அடுத்த அடி விழுந்தது. சில வாரங்கள் கழித்து, மசாசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டில் நடந்த ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஃபிராங்க் எட்சன் மரத்தில் மோதி இறந்துபோனார். மலையில் டோலைக் காப்பாற்றப் போராடிய அதே நண்பர்.

பயமுறுத்தாதீங்க என்றவர்கள்

டோல் உறுப்பினராக இருந்த நியூயார்க் பனிச்சறுக்கு கிளப், விபத்துகளை ஆராய ஒரு கமிட்டி போட்டு, அவரையே தலைவராக்கியது. அவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்து பல இடங்களுக்கும் அனுப்பினார். எங்கே அடிபடுகிறார்கள், எப்படி, உதவி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கேட்டார். இன்ஷூரன்ஸ்காரருக்கே உரிய வேலை!

வரவேற்பு கலவையாகத்தான் இருந்தது. விபத்து பற்றிப் பேசினால் பிள்ளைகளை அம்மாக்கள் அனுப்ப மாட்டார்கள், கூட்டம் குறையும் என்று சிலர் எதிர்த்தார்கள். பாதுகாப்பு கேட்பது கோழைத்தனம் என்று நினைத்தவர்களும் உண்டு. புதுசா ஒரு விளையாட்டு பிரபலமாகும்போது ஆபத்தைப் பற்றிப் பேசுபவருக்கு எப்போதும் கிடைக்கும் மரியாதை இதுதான்.

டோல் விடவில்லை. அவருக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே பார்சென் சரிவுகளில் ஏற்கெனவே ஒரு மீட்புக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மான்ஸ்ஃபீல்டிலும் உள்ளூர் அளவில் ஒரு சின்ன பேட்ரோல் தொடங்கப்பட்டிருந்தது.

1938 மார்ச்சில் அதே மலையின் ‘நோஸ் டைவ்’ பாதையில் தேசிய அளவிலான பந்தயம் நடந்தது. பாதை நெடுக தன்னார்வலர்களை நிறுத்தி வைத்திருந்தார் டோல். அதைப் பார்த்த தேசிய பனிச்சறுக்கு சங்கத் தலைவர் ரோஜர் லாங்லி, நாடு முழுவதுக்கும் இதைச் செய்யமுடியுமா என்று கேட்டார். அங்கே பிறந்ததுதான் ‘நேஷனல் ஸ்கீ பேட்ரோல்’. டோல் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1950 வரை நடத்தினார்.

ஆர்வம் மட்டும் இருந்தால் இதில் சேர முடியாது. முறையான முதலுதவிப் பயிற்சி கட்டாயம். தகரத் துண்டுக்குப் பதில் மீட்பு வண்டி, கேலிக்குப் பதில் பயிற்சி பெற்ற ஆள். அவ்ளோதான் விஷயம். ஆனா உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் அதில்தான் இருந்தது.

பின்லாந்து சொன்ன பாடம்

1939 நவம்பரில் சோவியத் யூனியன் பின்லாந்து மீது படையெடுத்தது. பனிக்கட்டைகளில் வேகமாக நகர்ந்த பின்லாந்து வீரர்கள், பல மடங்கு பெரிய ராணுவத்தைத் திணறடித்தார்கள். 1940 பிப்ரவரியில் வெர்மான்ட்டின் ஒரு விடுதியில் டோலும் லாங்லியும் இன்னும் இரண்டு நண்பர்களும் இதைப் பற்றித்தான் பேசினார்கள். குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கே இப்படி ஒரு போர் வந்தால் யார் சண்டை போடுவது?

டோல் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். ராணுவ அலுவலகங்களின் கதவைத் தட்டினார். 1940 செப்டம்பரில் ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலையே நேரில் சந்தித்தார். ராணுவப் பதவி எதுவும் இல்லாத ஒரு சிவிலியன்! 1941 நவம்பரில் அமெரிக்காவின் முதல் மலைக் காலாட்படைப் பிரிவு உருவானது. அதுதான் வளர்ந்து 10-வது மலைப்படை டிவிஷன் ஆனது.

இங்கேதான் விநோதமான ஒன்று நடந்தது. அந்தப் படைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு ஸ்கீ பேட்ரோலிடம் வந்தது. விண்ணப்பிப்பவர் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் தரவேண்டும். கல்லூரி மாணவர்கள், மலை வழிகாட்டிகள், பனிச்சறுக்குப் பயிற்சியாளர்கள் என்று பலர் சேர்ந்தார்கள். கொலராடோ மலைகளில், சுமார் 9,200 அடி உயரத்தில் இருந்த கேம்ப் ஹேலில் பயிற்சி.

வெற்றியும் விலையும்

1945 பிப்ரவரி 18 இரவு. இத்தாலியின் ரீவா ரிட்ஜ். ஜெர்மன் படையின் கையில் இருந்த செங்குத்தான மலை விளிம்பு. இருட்டில் இந்தப் பக்கமாக யாரும் ஏறமுடியாது என்று ஜெர்மானியர்கள் நம்பினார்கள். 10-வது மலைப்படை வீரர்கள் சுமார் 1,500 அடிக்கு மேல் ஏறி, விடிவதற்குள் மேலே நின்றார்கள். அடுத்து பெல்வெடேரே மலையும் விழுந்தது. இதில் பெரும்பகுதிச் சண்டை பனிக்கட்டை மாட்டிக்கொண்டு நடந்ததே இல்லை. கைகொடுத்தது மலையேற்றப் பயிற்சிதான்.

விலை பெரிசு. சில மாதச் சண்டையில் இந்த டிவிஷனில் சுமார் 1,000 பேர் இறந்தார்கள். சுமார் 4,000 பேர் காயமடைந்தார்கள். அடிபட்டவர் மலையில் தனியாகக் கிடக்கக் கூடாது என்று தொடங்கிய அமைப்பு, இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் போர்முனைக்கும் அனுப்பியது. டோலின் வாழ்க்கையை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

டோல் விட்டுச்சென்றது என்ன?

போரிலிருந்து திரும்பிய மலைப்படை வீரர்கள் பலர் மீண்டும் மலைக்கே போனார்கள். ஆஸ்பென் பனிச்சறுக்கு மையத்தை வளர்த்தவர்களில் ஒருவர் ஃபிரீடல் ஃபைஃபர். இத்தாலியில் படுகாயமடைந்து திரும்பிய பீட் சைபர்ட், 1962-ல் திறக்கப்பட்ட வெய்ல் மையத்தின் நிறுவனர்களில் ஒருவர். இன்றைய அமெரிக்க பனிச்சறுக்குத் தொழிலின் பெரும்பகுதிக்கு இவர்கள் போட்ட அஸ்திவாரம் முக்கியமானது.

இதில் ஒரு சுவாரஸ்யமான திருப்பமும் உண்டு. வெய்ல் மையத்திலிருந்து வளர்ந்த ‘வெய்ல் ரிசார்ட்ஸ்’ நிறுவனம், 2017-ல் ஸ்டோவ் பனிச்சறுக்கு மையத்தை வாங்கியது. அதாவது, டோல் விழுந்த மலை கடைசியில் அவர் முயற்சியால் உருவான படையின் வீரர் ஒருவர் தொடங்கிவைத்த நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது.

டோல் 1976-ல் காலமானார். நேஷனல் ஸ்கீ பேட்ரோலில் இப்போது 30,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். மான்ஸ்ஃபீல்டின் டோல் ரோடு இன்று புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இறங்கும் எளிய சரிவு. யாராவது விழுந்தால், மேலே இருக்கும் பேட்ரோல் அறைக்கு ஒரு தகவல் போனால் போதும். ஸ்லெட்ஜோடு ஆள் வந்துவிடும்.