வில்ஹெல்ம் ஹாப்மைஸ்டர்

பாறைமேற் பட்டு விரித்தாற்போலப் படரும் பாசி, மலைச்சாரலின் நிழலிலே சிறகு விரித்து நிற்கும் பெரணி, குளிர்நாட்டுக் காடுகளை நிறைக்கும் பைன் மரம், நம் தோட்டத்திற் பூத்துக் காய்க்கும் மா: இந்நான்கினையும் ஒருங்கே வைத்து, இவை யாவும் ஒரு குலத்தவை என்று ஒருவர் கூறின், கேட்போர் எளிதில் உடன்படார். ஒன்றிற்குப் பூவில்லை, ஒன்றிற்கு வேரே இல்லை, ஒன்று விரற்கடை உயரம், ஒன்று வானளாவ வளர்வது. 18-ஆம் நூற்றாண்டிலே தாவரங்களை வகுத்தமைத்த லின்னேயஸ் என்னும் பேரறிஞரும், பூவில்லாத் தாவரங்களை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி, மறைவில் மணம் புரிவன என்னும் பொருள்படக் கிரிப்டோகாமியா எனப் பெயரிட்டு, தம் வகுப்புக்களின் கடைசியில் வைத்துவிட்டார். அம்மூட்டையை அவிழ்த்து, அதனுள் மறைந்திருந்ததை உலகிற்கு எடுத்துக் காட்டியவர், சர்வகலாசாலையின் வாயிற்படியையும் மாணாக்கராய் மிதித்தறியாத ஒரு வியாபாரியாவர். வில்ஹெல்ம் ஹாப்மைஸ்டர் என்னும் அப்பெரியாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1824-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரிலே பிறந்தார். புத்தக வாணிகத்திற்கும் இசைக்கும் பேர்போன அந்நகரில், இவர் தந்தையார் இசைநூல்களை அச்சிட்டு விற்கும் நிலையம் ஒன்றை நடத்திவந்தார். தந்தையார்க்குச் செடிகொடிகளிடத்துப் பெருவிருப்பம் உண்டு. அவர் தோட்டம் வைத்துப் பேணியதோடு, உலர்த்திய செடிகளையும் தொகுத்து வைத்திருந்தார். மைந்தர்க்கு முதல் தாவர சாஸ்திரப் பள்ளி அவ்வீடேயாயிற்று. பதினைந்தாம் வயதிலே பள்ளிப்படிப்பு முற்றுப்பெற்றது. பின்னர் இரண்டாண்டு ஹாம்பர்க் நகரத்து இசைநூற் கடை ஒன்றிலே தொழில் பழகி, 1841-இல் வீடு திரும்பித் தந்தையாரது வாணிகத்திற் கைகொடுக்கலானார். அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்து இவர் பொறுப்பாயிற்று.

அக்காலத்திலே ஷ்லைடன் என்னும் பேராசிரியர் தாவர சாஸ்திரத்தைப் பற்றி எழுதிய புதுநூல் ஒன்று வெளிவந்தது. செடிகளுக்குப் பெயரிட்டு அடுக்குவதோடு அமையாது, அவை முளைத்து வளர்ந்து உருப்பெறும் வரலாற்றை மைக்கிராஸ்கோப்பின் உதவியால் அடிமுதல் ஆராய்தல் வேண்டும் என்பது அந்நூலின் கொள்கை. இளைஞராகிய ஹாப்மைஸ்டர் அதனைக் கற்று, அதன் வழியே நிற்கத் துணிந்தார். ஆனால் பகற்பொழுது கடைக்கு உரியது. ஆதலின் விடியற்காலத்தே துயிலெழுந்து, கடை திறக்கும் நேரம் வரையில் மைக்கிராஸ்கோப்பின் முன் அமர்வார். கிட்டப்பார்வை இவர்க்கு மிகுதி. பிறர்க்குக் குறையாய்த் தோன்றிய அதுவே இவர்க்குத் துணையாயிற்று. கண்ணருகிலே பொருளைப் பிடித்து, ஏனையோர் தொடவும் அஞ்சும் நுண்ணிய உறுப்புக்களை ஊசியாலும் கத்தியாலும் பிரித்தெடுக்கும் வன்மை இவர்க்கு இயல்பாக வாய்த்தது. இன்று நம் சாலைகளில் உள்ள சாயங்களும் சீவும் பொறிகளும் அன்று இல்லை. கூரிய கத்தியும், நடுங்காத கையும், பொறுமையுமே இவர்க்குக் கருவிகளாயின.

பூவிலே கரு எவ்வாறு உண்டாகின்றது என்பது அந்நாளிற் பெரியதொரு வழக்காக இருந்தது. மகரந்தத் துகளினின்று நீளும் குழாயின் நுனியே சூலினுட் புகுந்து கருவாகின்றது என்றும், சூல் அதற்குத் தொட்டிலேயன்றித் தாயன்று என்றும் ஷ்லைடன் சாதித்துவந்தார். அவரது பெயர்க்கு அஞ்சிப் பலர் அதனை உடன்பட்டனர். ஹாப்மைஸ்டரோ, ஷ்லைடன் கற்பித்த முறையையே கைக்கொண்டு, ஷ்லைடன் கூறியதைச் சோதித்தார். 1847-இல் ஈனோதெரா இனத்துப் பூக்களைப் பற்றியும், 1849-இற் பல இனத்துப் பூக்களைப் பற்றியும் எழுதி, கருவிற்கு மூலமாகிய அணு மகரந்தக் குழாய் வருமுன்னரே சூலினுள் உள்ளது என்பதையும், குழாயின் வருகையால் அது தூண்டப்பெற்றுக் கருவாகின்றது என்பதையும் படங்களோடு நிறுவினார். எதிர்க்கட்சியார் உடனே அடங்கினாரல்லர். எனினும் சில ஆண்டுகளில் வழக்கு இவர் பக்கமே தீர்ந்தது. ஆசிரியர் காட்டிய வழியிலே சென்று ஆசிரியரது பிழையைக் கண்டமை, அவ்வழி நல்வழி என்பதற்குச் சான்றாம். அக்காலத்தே இவர் வரைந்த படங்களுள், அணு பிளவுபடும்போது அதன் நடுவிலே சிறு துண்டங்கள் திரண்டு நிற்றலைக் காட்டுவனவும் உள்ளன. அவற்றிற்குக் குரோமோசோம் என்னும் பெயர் 1888-இலேதான் வந்தது.

1851-ஆம் ஆண்டிலே இவரது தலைசிறந்த நூல் வெளிவந்தது. அப்பொழுது இவர்க்கு வயது 27. அந்நூலின் பொருளைச் சிறிது விரித்துக் கூறுதல் இன்றியமையாதது. ஏனெனில் இவரது வாழ்வின் சாரம் அதுவே.

முதலிற் பாசியை நோக்குவோம். நம் கண்ணுக்குப் புலனாகும் பசிய இலைச்செடியின் நுனியிலே ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உண்டாகின்றன. மழைநீரோ பனிநீரோ படிந்தபொழுது, ஆணணுக்கள் அந்நீரில் நீந்திச் சென்று பெண்ணுறுப்பினுள் இருக்கும் முட்டையணுவை அடைகின்றன. கருவுற்ற அவ்வணு வெளியே விழுவதில்லை. தாய்ச்செடியின் மேலேயே நின்று, அதன் உணவை உண்டு, ஒரு காம்பும் அதன் தலையில் ஒரு சிமிழுமாக வளர்கின்றது. அச்சிமிழினின்று ஸ்போர் என்னும் நுண்டூள் காற்றிற் பரவுகின்றது. தூள் முளைத்து மீண்டும் இலைச்செடியாகின்றது. ஆகவே பாசியின் வாழ்விலே இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வருகின்றன: பாலணுக்களை ஈனும் தலைமுறை ஒன்று, ஸ்போர்களை ஈனும் தலைமுறை மற்றொன்று.

இனிப் பெரணிக்கு வருவோம். அதன் இலையின் பின்புறத்தே காணும் கபில நிறத் தூள் விதையன்று, ஸ்போரே. அது ஈரமண்ணில் வீழ்ந்தால் பெரணி முளைப்பதில்லை. நகத்தினும் சிறிய, இதய வடிவான, பசிய தகடொன்று முளைக்கின்றது. அத்தகட்டின் அடியில் ஆணுறுப்புக்கள் இருத்தலை 1844-இல் நேகெலி என்பவரும், பெண்ணுறுப்புக்கள் இருத்தலை 1848-இற் சுமின்ஸ்கி என்பவரும் கண்டிருந்தனர். ஆனால் அவர்கள் கண்டவை தனித்தனி மணிகளாகவே கிடந்தன. அவற்றை ஒரு நூலிற் கோத்தவர் ஹாப்மைஸ்டர். பெரணியின் சிறு தகடே பாசியின் இலைச்செடிக்கு ஒப்பானது. வளர்ந்தோங்கிய பெரணியோ பாசியின் காம்புக்கும் சிமிழுக்குமே ஒப்பானது. இலையோடு இலையை ஒப்பிட்டு மயங்கினார்க்கு, இலைச்செடிக்கு ஒப்பு ஒரு தகடே என்றும், சிறு காம்பிற்கு ஒப்பு ஒரு பெருஞ்செடி என்றும் கூறிய அக்கூற்று எத்துணை வியப்பளித்திருக்கும்!

அதனோடும் அவர் நின்றாரில்லை. செலாஜினெல்லா முதலிய சிலவற்றிலே ஸ்போர்கள் பெரியவும் சிறியவுமாக இருவகைப்படுகின்றன. பெரிய ஸ்போரினுள் உண்டாகும் பெண் தகடு வெளியே தனித்து வாழாது, பெரும்பாலும் ஸ்போரின் தோலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. பைன் முதலிய மரங்களிலோ, பெரிய ஸ்போர் தாய்மரத்தை விட்டு நீங்குவதே இல்லை. சூலினுள்ளேயே தங்கி, அங்கேயே தகடாய், அங்கேயே முட்டையணுவை ஈன்று, அங்கேயே கருவைத் தாங்குகின்றது. காற்றிற் பறந்து வரும் மகரந்தமோ சிறிய ஸ்போரே. பூக்குந் தாவரங்களில் அப்பாலணுத் தலைமுறை இன்னும் ஒடுங்கிச் சூலினுள் விரல்விட்டு எண்ணத்தக்க சில அணுக்களேயாய்விட்டது. ஆகவே விதை என்பது, தாயை விட்டுப் போக மறுத்த ஸ்போரும், அதனுள் ஒடுங்கிய ஒரு தலைமுறையும், அதன் மகவாகிய கருவும், அவற்றைப் போர்த்த தாயின் ஆடையும் கூடிய ஒரு பேழையாம். பாசியும் பெரணியும் மணம் புரிதற்கு நீரை எதிர்நோக்கி நிற்க, மாமரம் அங்ஙனம் நில்லாமையின் காரணம் இதனாற் புலப்படும். பாசி முதல் மாமரம் ஈறாக ஒரே வரலாறே நடைபெறுகின்றது. ஒரு தலைமுறை தேயத் தேய மற்றொரு தலைமுறை வளர்கின்றது. இதுவே அவர் கண்ட உண்மை.

அவ்வாண்டிலேயே ரோஸ்டாக் சர்வகலாசாலை அவர்க்கு டாக்டர் பட்டத்தைக் கௌரவமாக வழங்கியது. டார்வின் தமது உயிரினத் தோற்ற நூலை வெளியிட்டது அதற்கு எட்டாண்டுகளின் பின், 1859-இலேயாம். ஹாப்மைஸ்டர் 1851-இல் ஒப்புமையைக் காட்டினாரேயன்றி, ஒன்றினின்று ஒன்று பிறந்தது என்று வாதித்தாரில்லை. டார்வினது கொள்கை வந்தபின்னர், அவ்வொப்புமை குல வரலாறாகவே பொருள்படலாயிற்று. 1862-இல் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பட்டம் பெற்ற பின்னரும் இவர் வாணிகத்தை உடனே விட்டாரல்லர். 1863-ஆம் ஆண்டிலேதான் ஹைடல்பர்க் சர்வகலாசாலை இவரைத் தாவர சாஸ்திரப் பேராசிரியராக அழைத்தது. பரீட்சை ஒன்றும் தேறாதவர், பிறரைப் பரீட்சிக்கும் பீடத்தில் அமர்ந்தார். அங்கே உயிரணுவைப் பற்றியும், இலைகள் தண்டின் நுனியில் இடம்பெறும் முறையைப் பற்றியும் அரிய நூல்கள் எழுதினார். தண்டின் நுனியிலே புதிய இலை, முன்னைய இலைகளுக்கிடையே எங்கு இடைவெளி மிகப் பெரிதோ அங்கு அரும்புகின்றது என அவர் கண்ட விதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1872-இல் ட்யூபிங்கன் நகருக்கு, மோல் என்னும் பேரறிஞர் இருந்து மறைந்த பீடத்திற்கு, மாறிச் சென்றார். பிற்காலத்தே பெரும் புகழெய்திய கேபல் என்பவர் அங்கு இவர் மாணாக்கராயிருந்தவர். ஆசிரியரது சரித்திரத்தை எழுதிப் பாதுகாத்தவரும் அவரே.

வெளியே புகழ் வளர, வீட்டிலே துயரம் வளர்ந்தது. மனைவியாரை இழந்தார், மக்களிற் பலரையும் ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்தார். விடியற்காலத்து உழைப்பிற்கு இளைக்காத உடல் இத்துயரத்திற்கு இளைத்தது. வாதநோய் தாக்க, 1876-இற் பதவியைத் துறந்து, பிறந்த நகருக்கு அண்மையிலுள்ள லின்டனௌ என்னும் ஊரையடைந்து, 1877-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள் 53 வயது நிரம்பாமுன்னரே இவ்வுலகை நீத்தார்.

அவர் மறைந்தபின் அவரது கொள்கை மேன்மேலும் உறுதி பெற்றது. 1894-இல் ஸ்ட்ராஸ்பர்கர் என்பவர், பாலணுத் தலைமுறையின் அணுக்களிலே குரோமோசோம்கள் மற்றைத் தலைமுறையில் உள்ளவற்றிற் பாதியே என்னும் உண்மையை இவ்விரு தலைமுறை மாற்றத்தோடு பொருத்திக் காட்டினார். 1896-இல் ஜப்பான் தேசத்து ஹிராசே என்பவர் கிங்கோ மரத்திலும், இக்கேனோ என்பவர் சைக்கஸிலும், மகரந்தக் குழாயினின்று வெளிப்பட்டு நீந்தும் ஆணணுக்களைக் கண்டனர். விதையீனும் மரத்தினுள்ளே பெரணியின் பழைய வழக்கம் இன்னும் மறையாதிருந்தமை, ஹாப்மைஸ்டர் கோத்த மாலைக்கு இடையில் வேண்டியிருந்த மணியை அளித்தது போலாயிற்று.

ஸ்காத்லாந்து தேசத்து ரைனி என்னும் சிற்றூரிலே 1912-இல் வெளிப்பட்ட கற்பாறைகளில், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட தரைத்தாவரங்கள் அணுவும் சிதையாது கல்லாய்க் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின் பாலணுத் தலைமுறையும் நிமிர்ந்த தண்டுடையதாய் இருந்தமை பின்னர்த் தெரியவந்தது. ஆதலின் இரு தலைமுறைகளும் தொடக்கத்தில் இத்துணை வேறுபட்டிருக்கவில்லை என்றும், பாசிக்குலம் ஒன்றையும் பெரணிக்குலம் மற்றொன்றையும் வளர்த்துக்கொண்டன என்றும் இன்று கருதுவர். பாசியினின்று பெரணி, பெரணியினின்று பைன் என ஏணிப்படிபோல எண்ணுதல் பிழையாம். அவை ஒரே அடிமரத்தினின்று பிரிந்த கிளைகளே. நன்னீரில் வாழும் பச்சைப் பாசிகளுள் ஒரு வகுப்பே தரைத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவு என்பதை இக்கால மரபணு ஆராய்ச்சி காட்டுகின்றது. பூக்குந் தாவரங்கள் மட்டும் 3 லட்சத்திற்கு மேற்பட்ட இனங்களாய்ப் பரந்திருப்பினும், தரைத்தாவரம் அனைத்திற்கும் பொதுவாய இலக்கணம் ஒன்றுண்டு: கருவைத் தாய்ச்செடி தன் உடலிலே தாங்கி ஊட்டி வளர்த்தல். அதனைப் பாசி முதற் பைன் ஈறாக ஒவ்வொன்றிலும் கண்ணாரக் கண்டு எழுதினவர் இசைநூற் கடையில் இருந்த அவ்விளைஞரே.

மாணாக்கராகிய நமக்கு, அவர் பெறாதன எல்லாம் உள. ஆசிரியர் உளர், சாலை உண்டு, மைக்கிராஸ்கோப்பும், சாயமூட்டிச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளும் நம் கைக்கு எட்டுமிடத்தே உள்ளன. ஆயினும் நம்மிற் பலர் புத்தகத்திலுள்ள படத்தைக் குறிப்பேட்டில் வரைந்துவிட்டு, தகட்டைப் பாராமலே எழுந்து செல்கின்றோம். படத்தை நம்பியிருந்தால் ஹாப்மைஸ்டரும் ஷ்லைடனை நம்பியிருப்பார். மழைக்காலம் வந்ததும் மதிற்சுவரிலே பாசி படரும். அதன் தலையில் நிற்கும் சிறு சிமிழை எடுத்து ஒருமுறையேனும் நம் கண்ணாற் பார்த்தல், அப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.